கருவி காட்டும் வழியும் சாரதி சுமக்கும் பழியும்

இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் சுமார் இருபது வருஷ காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. நியாயஸ்தலத்தில் நடக்கும் வழக்கன்று. கிராமச் சபைக் கூட்டங்களிலும், பத்திரிகைகளின் கடிதப் பகுதிகளிலும், சில சமயம் நடுத்தெருவிலும் நடக்கும் வழக்கு. வாதிகள் கிராமத்தார், பிரதிவாதி லாரிச் சாரதி. குறுகிய கிராமப் பாதைக்குள் தமது பிரம்மாண்டமான வண்டியைக் கொண்டுவந்து செருகிவிட்டு, முன்னே போகவும் இயலாமல் பின்னே வரவும் இயலாமல், வேலியையும் வீட்டுச் சுவரையும் இடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அவர்மீது குற்றச்சாட்டு. ஸாட்நாவ் என்னும் வழிகாட்டிக் கருவி காட்டிற்று, வந்தேன் என்பது அவருடைய ஜவாப். ஊரார் நகைக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துப் போடுகிறார்கள், வழக்கு முடிந்ததென்று எல்லாரும் வீடு திரும்புகிறார்கள். பின்னொரு நாள் அதே வளைவில் வேறொரு லாரி வந்து நிற்கிறது.

ஒருவரையொருவர் அறியாத பல பேர், ஒரே இடத்தில், ஒரே தவறை, ஒரே விதமாகச் செய்வார்களானால், குற்றம் முழுவதும் அந்தப் பல பேரிடத்திலேயே இருக்க முடியாது என்பது வக்கீல் தொழிலில் புகுந்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே புலப்படும் சங்கதி. இந்த வழக்கில் ஆஜராக வேண்டியவர்கள் இன்னும் மூவர் இருக்கிறார்கள். படத்தை விற்கும் கம்பெனி ஒன்று. லாரியின் முதலாளி மற்றொருவர். பாதையின் அகலமும் பாலத்தின் உயரமும் தன் தஸ்தாவேஜுகளில் இருந்தும் அவற்றை ஒழுங்காக வெளியிடாமல் இருந்துவந்த சர்க்கார் மூன்றாவது. இவர்களுக்குச் சம்மன் அனுப்பாமல், வண்டிக்குள் இருந்த ஏழையை மாத்திரம் கூண்டில் ஏற்றிச் சொல்லும் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இங்கிலாந்தின் கிராமப் பாதை இன்னதென்று அறியாதவர்களுக்கு இந்தத் தொல்லையின் தன்மை விளங்காது. டெவன் ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஜில்லாக்களுள் மிக நீண்ட சாலைத் தொகுதி உடையது அதுவே; ஏறக்குறைய 8,000 மைல். நமது நாட்டு வண்டித்தடம் போல இருபுறமும் வயல் திறந்து கிடக்கும் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். நூற்றாண்டுக் கணக்காகக் கால்நடைகள் மிதித்து, சக்கரங்கள் உழுது, மழைநீர் அரித்து, சுற்றியுள்ள நிலமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்ட பாதைகள் அங்கே பல உண்டு. இரு மருங்கிலும் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய கரை; கரையின்மேல் அடர்ந்த புதர்வேலி. நடுவே ஒரு வண்டி செல்லத்தான் இடம். எதிரே வேறொரு வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கு விட்டிருக்கும் இடம் வரையில் இருவரில் ஒருவர் பின்வாங்கிக் கொடுக்க வேண்டும். மோட்டார் காரில் போகிறவருக்கு இது சிறு தொந்தரவு. கொஞ்சம் மரியாதையும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும்.

லாரியின் நிலைமை வேறு. பிரிட்டிஷ் சட்டப்படி லாரியின் உடலகலம் 2.55 மீட்டர் வரை இருக்கலாம்; குளிர்ப்பெட்டி லாரியானால் 2.6 மீட்டர். பக்கத்துக் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. டிரெய்லர் கோத்த லாரியின் நீளம் 16.5 மீட்டர் என்றிருந்ததை, 2023-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி முதல் சில நிபந்தனைகளுடன் 18.55 மீட்டர் வரையில் அநுமதித்திருக்கிறார்கள். எடை 44 டன் வரை. இப்படிப்பட்ட வண்டி அப்படிப்பட்ட பாதையில் அரை மைல் உள்ளே போய்விட்டால் திருப்புவதற்கு இடமே கிடையாது. பின்னுக்கு எடுப்பதென்றால், முன்வண்டி ஒரு பக்கம் ஒடிய, டிரெய்லர் மறு பக்கம் ஒடிய, வளைவுக்கு வளைவு இறங்கிப் பார்த்து ஏற வேண்டும். நம் நாட்டு லாரியில் கிளீனர் என்று ஒருவர் உண்டு. பின்னால் இறங்கி நின்று, பலகையைத் தட்டித் தட்டி, ‘வா, வா, ஒடி, நில்’ என்று குரல் கொடுத்து வண்டியைக் கொண்டுவந்துவிடுவார். இங்கிலாந்து லாரிகளில் கிளீனர் கிடையாது. சாரதி பெரும்பாலும் தனியாள். மழை, இருட்டு, முன்பின் அறியாத ஊர், பின்னால் வரிசையாக நின்று ஊதல் ஊதும் கார்கள். பலமுறை வண்டியோடு வந்தவர் அந்நிய தேசத்தவராகவும் இருப்பார். அவருக்கு ஊராரின் பாஷையும் தெரியாது.

இனி, இவரை அங்கே கொண்டுவந்த கருவியைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க சர்க்கார் பறக்கவிட்டிருக்கும் உபகிரகங்கள் இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. அவற்றைக் கேட்டு, நாம் இருக்கும் இடம் இன்னது என்று கருவி கணக்கிட்டுக் கொள்கிறது. உபகிரகங்களின் உபகாரம் அவ்வளவுடன் நின்றுவிடுகிறது. வழி சொல்வது உபகிரகமன்று. கருவிக்குள் அடைத்து வைத்திருக்கும் படமும், அந்தப் படத்தின்மேல் போடும் கணக்குமே. இந்த வேற்றுமையை ஜனங்களில் பலர் அறிவதில்லை. ஆகாயத்திலிருந்து பார்த்துச் சொல்கிறது, பொய்யாகுமா என்று நினைக்கிறார்கள். ஆகாயம் பொய் சொல்லவில்லை, படம் சொல்லிற்று.

அந்தக் கணக்கும் விசித்திரமானதுதான். படத்தில் ஒவ்வொரு பாதையும் ஒரு கோடு. கோட்டின் நீளத்தையும் அதில் போகக்கூடிய வேகத்தையும் கொண்டு நேரத்தைக் கண்டுபிடித்து, எந்தக் கோடுகளைச் சேர்த்தால் நேரம் குறையுமோ அவற்றை வழியென்று காட்டுவதே கருவியின் வேலை. பிரிட்டனில் ஊருக்கு வெளியே உள்ள இருவழிச் சாலைகளில் வேறு பலகை இல்லாவிட்டால் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 60 மைல். நாம் மேலே சொன்ன பள்ளத்துப் பாதைக்கும் சட்டத்தில் அதே 60 மைல்தான்! நடைமுறையில் 20 மைலில் போவதற்கே துணிச்சல் வேண்டும். ஏட்டிலுள்ள அறுபதை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால், பத்து மைல் சுற்றிப் போகும் நெடுஞ்சாலையைவிடக் குறுக்கே போகும் குச்சுப் பாதையே சிலாக்கியமாகத் தோன்றும். பிற்காலத்தில் கம்பெனிகள் வண்டிகள் உண்மையில் போகும் வேகத்தை அளந்து சேர்த்துத் திருத்தம் செய்தார்கள். ஆனால் அளந்தவை பெரும்பாலும் கார்களின் வேகம். சின்னக் கார் ஒன்று சுலபமாகப் புகுந்து புறப்பட்ட பாதை, லாரிக்கும் உகந்த பாதையென்று ஆகிவிடுமா? பூனை போன பொந்தில் யானையும் போகும் என்பது போன்ற தர்க்கம் இது.

லாரிகளுக்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிந்துகொண்டு அதற்கேற்ற வழியை அவை சொல்லும். அவற்றின் விலை சில நூறு பவுன். கைத் தொலைபேசியில் உள்ள படமோ இலவசம். கூகிள் படத்தில் லாரிக்கென்று தனி வழி இல்லாமலே பல வருஷங்கள் கழிந்தன. இலவசத்தையே சாரதிகள் நாடுகிறார்கள் என்று ஏசுகிறவர்கள், விலையுள்ளதை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார் என்று கேட்பதில்லை. டயருக்கும் எண்ணெய்க்கும் பணம் போடுகிற முதலாளி வழிக்கு மட்டும் சாரதியின் சட்டைப் பையை நம்பியிருப்பது என்ன கிரமம்?

படத்தை நம்பி வந்த கதைகளில் மிகவும் வேடிக்கையானது 2008-ஆம் வருஷம் நடந்தது. துருக்கியிலிருந்து விலையுயர்ந்த கார்களை ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியிலுள்ள ஜிப்ரால்டருக்குப் புறப்பட்ட லாரி ஒன்று, இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் கடற்கரையில் ஜிப்ரால்டர் பாயிண்ட் என்னும் பறவைச் சரணாலயத்துப் பாதையில் வந்து நின்றது. சுமார் 1,600 மைல் பிசகு! உலகமே சிரித்தது. ஜிப்ரால்டர் என்னும் பாறை பிரிட்டனின் ஆதிக்கத்தில் இருப்பதால் கருவியில் அது பிரிட்டனின் பெயருக்குக் கீழே அடங்கியிருந்தது என்பதுதான் அச்சமயம் சொல்லப்பட்ட காரணம். பிறர் நாட்டு முனையைத் தன் நாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் இப்படியும் ஒரு சங்கடம் உண்டென்பதை ஏகாதிபத்தியவாதிகள் கவனிப்பார்களாக.

சாரதிகள்மீது ஒரு குற்றமும் இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. பிரிட்டிஷ் ரயில் பாதைகளைப் பரிபாலிக்கும் நெட்வொர்க் ரயில் ஸ்தாபனம் நடத்திய விசாரணை ஒன்றில், வண்டி எடுக்குமுன் அதன் உயரத்தை அளந்து பார்ப்பதில்லை என்று 43 சதவிகிதம் சாரதிகளும், தாழ்ந்த பாலங்களைக் கருதி வழியை வகுப்பதில்லை என்று 52 சதவிகிதம் சாரதிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இது மிகவும் கண்டிக்கத்தக்க அஜாக்கிரதை. ரயில் பாலங்களில் வண்டிகள் மோதும் சம்பவங்கள் பிரிட்டனில் வருஷத்துக்கு 1,500-க்கு மேல் நிகழ்கின்றன. மோதிய ஒவ்வொரு தடவையும் பாலத்தைப் பரீட்சித்துப் பார்க்கும் வரையில் ரயில்களை நிறுத்தவோ மெதுவாக விடவோ வேண்டியிருக்கிறது. மேலே ரயிலில் இருக்கும் நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் இது. 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த பாலங்களில் உயரத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதைப் படிப்பது சாரதியின் கடமை, அதில் ஆக்ஷேபமில்லை.

ஆனால் அந்த 43 பேர் ஏன் அளக்கவில்லை என்று கேட்கவேண்டாமா? இன்று ஒரு டிரெய்லர், நாளை வேறொரு டிரெய்லர். கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டின் கீழ் வேலை செய்பவருக்கு இன்று ஒரு முதலாளி, நாளை வேறொரு முதலாளி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது; வண்டியிலுள்ள டாக்கோகிராப் என்னும் யந்திரம் நிமிஷம் தவறாமல் பதிவு செய்கிறது. இந்த வரம்பு சாரதியின் நன்மைக்காகவே ஏற்பட்டது. அதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். எனினும் சரக்கு இறக்கும் இடத்தில் குறித்த மணிக்கு வராவிட்டால் வாயிலை அடைக்கும் பெரிய கடைக்காரரும் இருக்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டவருடைய காதில், இடப்புறம் திரும்பினால் பதினைந்து நிமிஷம் மிச்சம் என்று கருவி ஓதுகிறது. அவர் திரும்புகிறார். வாயில் இருக்கிறது வழி என்பது நம்மவர் வாக்கு. டீக்கடையில் நிறுத்தி, நாலு பேரைக் கேட்டு, அதில் இரண்டு பேர் தப்பாகச் சொன்னாலும் மூன்றாமவர் ‘லோடு வண்டி அந்தப் பக்கம் போகாதுங்க’ என்று தடுத்துவிடுவார். அந்த மூன்றாமவரின் ஞானம் கருவிக்குள் இல்லை என்பதே இந்த விவகாரத்தின் சாரம்.

கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. 2007-ஆம் வருஷத்தில் ஹாம்ப்ஷையர் ஜில்லாவைச் சேர்ந்த எக்ஸ்டன் கிராமத்துக்குச் செல்லும் பாதையில், ஸாட்நாவ் சொல்வதைக் கேட்காதீர் என்னும் கருத்துள்ள பலகையை நாட்டினார்கள். அதே வருஷத்தில் ஸோமர்செட் ஜில்லாவைச் சேர்ந்த வெட்மோர் கிராமத்தார், கனவண்டிகளுக்குரிய வழியாகத் தங்கள் ஊரைக் காட்டாதபடி படத்திலிருந்து நீக்கிவிட வேண்டுமென்று மன்றாடினார்கள். இங்கிலீஷ் சரித்திரம் வாசித்தவர்களுக்கு வெட்மோர் என்ற பெயர் நினைவிருக்கலாம். 878-ஆம் வருஷத்தில் ஆல்பிரட் மன்னர், தம்மிடம் தோற்ற டேனியர் தலைவனுக்கு விருந்து வைத்துச் சமாதானம் செய்துகொண்ட ஊர் அது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரத்தில் பெயர் பெற்றிருந்த ஊர், கார்க்காரர்களுக்கென்று வரைந்த படத்தின் தொல்லையால், எங்களை மறந்துவிடுங்கள் என்று கேட்கும்படி ஆயிற்று.

2012-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அப்போதைய போக்குவரத்து உபமந்திரி நார்மன் பேக்கர், படக் கம்பெனிகளையும் ஸ்தல ஸ்தாபனத்தாரையும் அழைத்து ஸாட்நாவ் மகாநாடு ஒன்றைக் கூட்டினார். சாலைகளின் தரத்தை மேலிடத்து அநுமதிக்குக் காத்திராமல் தாங்களே மாற்றிக்கொள்ளும் அதிகாரமும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அவ்வருஷம் கிடைத்தது. நல்ல காரியந்தான். ஆனால் மாற்றிய தரத்தைப் படத்தில் ஏற்றிக்கொள்வது கம்பெனிகளின் சித்தம். மகாநாட்டில் கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், சட்டப்படி யாருக்கும் எந்தக் கட்டாயமும் உண்டாகவில்லை.

சட்டத்தின் நிலைமையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் கோணல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் கிராமப் பாதையின் முகப்பில் நிற்கும் பலகைகள் இருவகை. கனவண்டிகளுக்கு ஏற்றதல்ல என்று அறிவிக்கும் பலகை ஒன்று. இது வெறும் புத்திமதி. மீறினால் அதற்காகத் தண்டனை கிடையாது. சிவப்பு வளையமிட்டு, இத்தனை டன்னுக்கு மேற்பட்ட வண்டி செல்லலாகாது என்று தடுக்கும் பலகை மற்றொன்று. இதற்குப் பின்னால் 1984-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டப்படி ஸ்தல ஸ்தாபனம் பிறப்பித்த உத்தரவு இருக்கும், மீறுவது குற்றம். அந்த உத்தரவிலும், அவ்வூரிலேயே வேலை உள்ள வண்டிகளுக்கு விலக்கு என்னும் வாசகம் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது அவசியமானதே. பால் எடுத்துப் போகும் டாங்கர் லாரியும், மாட்டுத் தீவனமும், வீடுகளுக்கு எண்ணெயும் கொண்டுவரும் லாரிகளும் வராவிட்டால் கிராமம் பிழைக்க முடியாது. ஆகையால் ‘லாரியே வராதே’ என்ற கூச்சலில் நாம் சேர மாட்டோம். ஊருக்கு வரும் லாரி வேறு, ஊரை ஊடறுத்துப் போகும் லாரி வேறு. இந்த வேற்றுமையைச் சட்டம் அறிந்திருக்கிறது, பலகை அறிந்திருக்கிறது, கருவிக்கும் அது தெரியவேண்டும்.

கருவிக்குத் தெரிவிப்பது எவ்வாறு? 1996-ஆம் வருஷத்து விதிகளின்படி, இத்தகைய உத்தரவைப் பிறப்பிக்கும் ஸ்தாபனம் அந்தப் பிரதேசத்தில் உலவும் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும். பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம், சர்க்கார் அறிவிப்புகளின் கூலியைக் குறை சொன்னால் நமது சகோதரர்கள் கோபிப்பார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: போலந்திலிருந்து லாரி ஓட்டி வருகிறவர் ஹாம்ப்ஷையர் வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உத்தரவுகளின் மூலப்பிரதிகளோ ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒவ்வொரு விதமான கட்டுகளில் கிடந்தன. அவற்றைத் திரட்டி ஒரே மாதிரியான பட்டியலாக்கி எல்லாருக்கும் கொடுக்கும் கடமை யாரையும் சார்ந்திருக்கவில்லை.

இதனிடையே நியாயஸ்தலங்கள் என்ன சொல்லின? 2009-ஆம் வருஷத்தில் யார்க்ஷையரில் டாட்மோர்டன் என்னும் ஊருக்கு அருகே, கருவி காட்டிய பாதையில் ஏறிய கார் ஒன்று செங்குத்தான சரிவின் விளிம்பில் வேலியில் முட்டி நின்றது. ஓட்டியவர் கவனக்குறைவான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. கண்ணெதிரே தெரிவதைப் பார்க்க வேண்டியவர் ஓட்டுபவரே. லாரி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பாலத்தில் மோதினால் சாரதியின் தொழில் லைசென்ஸுக்கும், முதலாளியின் லைசென்ஸுக்கும் டிராபிக் கமிஷனர் ஆபத்து விளைவிக்கலாம். சாரதி ஜவாப் சொல்கிறார். முதலாளியும் சில சமயம் ஜவாப் சொல்கிறார். படத்தை விற்றவர்? ‘எங்கள் படத்தை உபயோகிப்பவர் தம் சொந்த விவேகத்தையும் உபயோகிக்கக் கடவர்’ என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் அச்சிட்டுவிட்டு விலகிக்கொள்கிறார். மருந்து விற்கும் வியாபாரி இப்படிச் சொன்னால் எந்த நியாயாதிபதி ஒப்புக்கொள்வார்?

விளைவு சின்னதன்று. 2016-ஆம் வருஷம் செப்டம்பரில், தேம்ஸ் நதியின்மேல் மார்லோ ஊரிலுள்ள பழைய தொங்குபாலத்தில், 3 டன் என்ற வரம்பையும் மீறி 37 டன் எடையுள்ள அந்நிய லாரி ஒன்று ஏறிவிட்டது. அந்தச் சாரதி எதை நம்பி ஏறினார் என்ற விவாதத்தில் நாம் புகவில்லை. பாலத்தைப் பரீட்சிப்பதற்காக இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். வில்லியம் டியர்னி கிளார்க் என்ற என்ஜினீயர் கட்டிய பாலம் அது. புடாபெஸ்ட் நகரத்தின் புகழ்பெற்ற சங்கிலிப் பாலமும் அவர் வகுத்ததே. ஊர் ஜனங்கள் இரண்டு மாதம் சுற்றிப் போனார்கள். ஒரு பாலத்தின் வரம்பு ஒரு லாரியின் கருவியில் பதிந்திருந்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு நஷ்டம் மிச்சமாகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நாட்டுப் படம் வரைவது ஒரு காலத்தில் சர்க்காரின் சொந்தக் காரியமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வருவார்களென்ற பயத்தில் 1791-ஆம் வருஷத்தில் பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் ஸர்வே ஆரம்பமாயிற்று. நமது சென்னையிலும் 1802-ஆம் வருஷத்தில் லாம்டன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்து, இந்தியா முழுவதையும் அளக்கும் வேலைக்கு அஸ்திவாரம் போட்டார். நம்மை ஆளுவதற்காக அளந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆயினும், அளந்ததற்கு ஒரு சர்க்கார் பொறுப்பாளியாக இருந்தது. 2000-ஆம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன், பொதுஜனங்களுக்கு வேண்டுமென்றே மழுக்கிக் கொடுத்துவந்த உபகிரக ஒலியைத் தெளிவாகவே கொடுக்கும்படி உத்தரவிட்டார். கருவிகள் பெருகின, படம் வரையும் அதிகாரம் மெல்ல மெல்லத் தனிக் கம்பெனிகளின் கைக்கு மாறிற்று. அதிகாரம் மாறிய அளவுக்கு ஜவாப்தாரி மாறவில்லை.

2024-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தானியங்கி வண்டிகளைப் பற்றிய சட்டம் அது. அதில் 93-ஆவது பிரிவு, ஸ்தல ஸ்தாபனங்கள் தங்கள் போக்குவரத்து உத்தரவுகளை ஒரே மாதிரியான வடிவத்தில் ஒரு மத்திய ஸ்தானத்துக்கு அனுப்ப வேண்டுமென விதி செய்வதற்கு மந்திரிக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் இதன் தலைப்பை நேயர்கள் கவனிக்க வேண்டும். இரத்தமும் சதையும் உள்ள சாரதிகள் புதர்வேலியில் சிக்கித் தவித்த காலமெல்லாம் தோன்றாத யோசனை, சாரதியே இல்லாத வண்டி வரப்போகிறது என்றவுடன் தோன்றியிருக்கிறது! மனிதன் வழி தவறினால் அபராதம். யந்திரம் வழி தவறக் கூடாதே என்று பார்லிமெண்ட் சட்டம்.

சென்னையில் அச்சாகும் பத்திரிகைக்கு எக்ஸ்டன் பலகையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். அதே கைத் தொலைபேசிப் படம் நமது லாரிகளின் முன்கண்ணாடியருகேயும் இருக்கிறது. 2024-ஆம் வருஷம் நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, ராமகங்கை நதியின் மேல் ஒரு பகுதி வெள்ளத்தில் அழிந்து அரைகுறையாக நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். வழிகாட்டிப் படத்தை நம்பி வந்தார்கள் என்று சொல்லப்பட்டது. போலீஸார் மராமத்து இலாகா என்ஜினீயர்களுடன், படக் கம்பெனியின் அதிகாரி ஒருவரையும் சேர்த்து வழக்குப் பதிவு செய்தார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும், சம்மன் எவரெவருக்குப் போக வேண்டும் என்ற விஷயத்தில் அந்த ஊர்ப் போலீஸார் பிரிட்டிஷ் மந்திரிகளைவிடத் தெளிவாகவே இருந்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் கோருவது பெரிய காரியமன்று. லாரிகளுக்கு வழி காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கருவியோ படமோ விற்கும் எந்தக் கம்பெனியும், சர்க்கார் வெளியிடும் உயர, அகல, எடை வரம்புகளைக் குறித்த நாட்களுக்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால் அபராதத்தில் பங்கு கொள்ள வேண்டும். லாரிக்கு ஏற்ற கருவி இல்லாமல் வண்டியை வெளியே அனுப்பும் முதலாளியை, தேய்ந்த டயருடன் அனுப்பும் முதலாளியைப் போலவே நடத்த வேண்டும். செலவு அதிகமாகும், சரக்குக் கூலி ஏறும் என்று கம்பெனிக்காரர்கள் முறையிடுவார்கள். இப்பொழுதும் செலவு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. ரயில் பிரயாணி தாமதமாகவும், கிராமத்தான் இடிந்த சுவராகவும், சாரதி லைசென்ஸாகவும் அதைக் கொடுத்து வருகிறார்கள். கணக்கில் ஏறாததால் செலவு இல்லையென்று ஆகிவிடாது.

2024-ஆம் வருஷத்துச் சட்டமோ, உத்தரவுகளைக் கொடுக்கும்படிதான் ஸ்தல ஸ்தாபனங்களைக் கட்டாயப்படுத்த இடம் தருகிறது. கொடுத்ததை எடுத்துக்கொள்ளும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் பிரிவு அதில் இல்லை. அந்தப் பிரிவைச் சேர்க்கும்படி அந்நாட்டுச் சாரதிகளின் தொழிற்சங்கங்களும் கிராமச் சபைகளும் ஒன்றுகூடிக் கேட்பார்களானால், பார்லிமெண்டு மறுப்பது சுலபமாயிராது. இதுவரையில் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்திக்கொண்டிருந்த வாதியும் பிரதிவாதியும் ஒரே பக்கத்தில் நிற்பதைக் கம்பெனிகள் இன்னும் கண்டதில்லை.